பாசி எடுப்பவரை வரைதல்: நீரடி வெளிச்சத்துக்கு ஒரு வழிகாட்டி

நீருக்கடியில் இருக்கும் ஒரு ஆளை டிஜிட்டலில் வரையச் சொன்னால் பலரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஆளைத் தரையில் இருப்பதுபோல வரைந்து முடிப்பார்கள். மேலே ஒரு நீல லேயர் போடுவார்கள். அப்புறம் மூலையிலிருந்து நாலு ஒளிக்கற்றை, கொஞ்சம் குமிழி. படம் அழகாகக்கூட வந்துவிடும். ஆனால் அந்த ஆள் தண்ணீருக்குள் இருக்கமாட்டார், நீலத் தாளுக்குப் பின்னால் இருப்பார்.

தண்ணீர் எதையும் சேர்ப்பதற்கு முன்னால் மூன்றைப் பிடுங்கிக்கொள்கிறது: சிவப்பு நிறம், தோலின் மினுப்பு, கறுப்பின் ஆழம். இவற்றைச் சரியான அளவில் எடுத்துவிட்டால் ஒளிக்கற்றையும் குமிழியும் இல்லாமலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு எங்கள் பக்கத்து ஆளையே வைத்துக்கொள்கிறேன். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஒரு சட்டையோ டீசர்ட்டோ போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணியைச் சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி மூழ்குவார்கள். பாறையில் ஒட்டிக் கிடக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள். என் சின்னம்மாவும் அதே வேலைதான் செய்தார். ஆழம் அதிகமில்லாத கடல், வெயில் நேராக இறங்கும் நேரம், பழுப்புத் தோல், பூப்போட்ட சேலை. நீரடி வெளிச்சத்தைப் படிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கடற்கன்னி வரைய ஆசைப்படுபவர்களும் இதிலிருந்து தொடங்கலாம்.

நான் வரைவது கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில். அது இலவசம். மல்டிப்ளை (கீழே உள்ள நிறத்தை மேல் லேயரின் நிறத்தால் பெருக்கி இருட்டாக்குவது), நார்மல் (நிறத்தை அப்படியே மேலே பூசுவது) என்ற லேயர் முறைகள் இருக்கும் எந்த மென்பொருளிலும் இதைச் செய்யலாம்.

முதலில் தூரத்தைத் தீர்மானியுங்கள்

நிறத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறார்? பார்க்கும் கண் அவரிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? பலர் ஆழத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். வெளிச்சம் மேலிருந்து ஆளுக்கு இறங்கி, ஆளிடமிருந்து நம் கண்ணுக்கு வர வேண்டும். இரண்டு வழியும் தண்ணீர்தான். 3 மீட்டர் ஆழத்தில் இருப்பவரை 2 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் வெளிச்சம் கடந்தது 5 மீட்டர்.

தூய நீரில் 5 மீட்டர் கடந்தபின் சிவப்பு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். பச்சையில் முக்கால் பங்கு மிஞ்சும். நீலம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். திரையின் 0 முதல் 255 வரையான எண்களுக்கு மாற்றினால் மல்டிப்ளை லேயரின் நிறம் தோராயமாக இப்படி வருகிறது:

2 மீட்டருக்கு சிவப்பு 187, பச்சை 242, நீலம் 252.
5 மீட்டருக்கு சிவப்பு 117, பச்சை 224, நீலம் 249.
10 மீட்டருக்கு சிவப்பு 54, பச்சை 197, நீலம் 243.

ஆளைச் சாதாரணப் பகல் வெளிச்சத்து நிறத்திலேயே அடிநிறம் போட்டுவிட்டு, இந்த மல்டிப்ளை லேயரை அவர் உருவத்துக்குள் மட்டும் விழும்படி வையுங்கள். என்ன நடக்கிறது பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற அதே வரிசையில் 200, 30, 40 என்ற சிவப்புச் சேலை 92, 26, 39 ஆகி, காய்ந்த அரக்கு நிறத்துக்கு இறங்கிவிடும். 240, 200, 40 என்ற மஞ்சள் டீசர்ட் 110, 176, 39 ஆகி இலைப்பச்சைக்குப் போய்விடும். வெள்ளை வெளிர்நீலமாகும். நீல லேயரை நார்மலில் போட்டு ஒளிபுகாத்தன்மையைக் குறைத்தால் இந்த மாற்றம் கிடைக்காது. எல்லா நிறமும் ஒரே அளவுக்கு நீலமாகும், சிவப்பு மட்டும் தனியாகச் சாகாது.

நம் ஆள் தலைகீழாக மூழ்கியிருக்கிறார். பாதம் மேற்பரப்பிலிருந்து ஒன்றரை மீட்டர், கை 3 மீட்டர். அதனால் பாதத்துக்குச் சிவப்பு 148, பச்சை 233, நீலம் 251 என்று தொடங்கி, கையருகே 5 மீட்டருக்கான நிறத்தில் முடியும் ஒரு கிரேடியன்ட் போடுங்கள். வித்தியாசம் சிறியது. ஆனாலும் ஒரே உடம்புக்குள் நிறம் மாறும்போது தண்ணீருக்குக் கனம் வந்துவிடும்.

மேலே சொன்னவை தூய நீரின் எண்கள். கரையோரக் கடலில் மிதக்கும் நுண்பாசியும் கரைந்த பொருட்களும் நீலத்தையும் கொஞ்சம் தின்னும், அதனால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். பாம்பனில் இருந்தால் எந்தக் கடல், எந்தக் காலம் என்றுகூடக் கேட்க வேண்டும். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) கலங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கலங்கும். கலங்கிய நாளுக்கு நான் நீலத்தை 200 வரை இறக்குவேன், தெளிந்த நாளுக்கு 235. அந்தந்த நாளின் நீரை நினைத்து வரைந்தால் படத்துக்கு ஓர் ஊர் கிடைக்கிறது. பொதுவான 'கடல் நீலம்' எந்த ஊருடையதும் இல்லை.

பழுப்புத் தோல்

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நீரடி ஓவியப் பாடங்களில் பெரும்பாலும் வெளிர்த்தோல் உருவங்களே வருகின்றன. அந்தப் பாடத்தை அப்படியே பழுப்புத் தோலுக்குப் போட்டால் ஆள் சிமெண்ட் பொம்மையாகிவிடுவார். காரணம் இருக்கிறது.

141, 85, 60 என்ற ஒரு பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் மல்டிப்ளைக்குப் பின் அது 65, 75, 59. பழுப்பின் உயிரே சிவப்பில் இருப்பதால், சிவப்பு போனதும் நிறம் ஆலிவ் சாம்பலாகிறது, கூடவே நன்றாகக் கறுக்கவும் செய்கிறது. உடனே பயந்து ஆரஞ்சு பூசாதீர்கள். சுற்றியிருக்கும் நீர் முழுக்க நீலப்பச்சை. அந்த நடுவில் ஒரு சாம்பலை வைத்தால் நம் கண் அதைப் பழுப்பாகவே படிக்கும். பின்னணியை முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு தோலைப் பாருங்கள். வெள்ளைக் கேன்வாஸில் தோல்நிறத்தைத் தீர்மானித்தால் ஒவ்வொரு முறையும் சூட்டைக் கூட்டத்தான் தோன்றும்.

அடுத்தது மினுப்பு. தரையில் கருந்தோலின் வடிவத்தை நாம் பெரும்பாலும் மினுப்பை வைத்துத்தான் காட்டுகிறோம். நெற்றியில் ஒரு பளபளப்பு, மூக்குத் தண்டில் ஒரு கோடு, தோளில் ஒரு வெண்திட்டு. நனைந்த உடம்பு என்றால் இன்னும் அதிகம். இதே பழக்கத்தில் தண்ணீருக்குள் இருப்பவருக்கும் ஈரப்பளபளப்பைப் போட்டுவிடுகிறோம். ஆனால் தண்ணீருக்குள் தோல் பளபளப்பதில்லை. மினுப்பு என்பது இரண்டு பொருட்களின் ஒளிவிலகல் எண்ணுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தால் வருவது. காற்று 1, தோல் ஏறக்குறைய 1.4, வித்தியாசம் பெரிது. நீர் 1.33 என்பதால் அதற்கும் தோலுக்கும் நடுவே வித்தியாசமே மிகச் சிறிது. நேராக விழும் வெளிச்சத்தில் காற்றில் மூன்று சதவீதம் அளவுக்குத் திரும்பினால் நீருக்குள் அது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் ஹைலைட் லேயரை அழித்துவிடுங்கள். நிஜமாகவே அழியுங்கள், மங்கலாக்கி வைக்காதீர்கள். இதைச் செய்த கணத்தில் படம் தண்ணீருக்குள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பிறகு வடிவத்தை எதை வைத்துக் காட்டுவது? மூன்று வெளிச்சங்கள் மிஞ்சுகின்றன. மேல்நோக்கிய தளங்களில் இறங்கும் வெயில், நாலாபக்கமும் பரவிய நீரின் வெளிச்சம், கீழே மணலிலிருந்து எழும் வெளிச்சம். நம் பாசிப் பெண் தலைகீழாகச் சாய்ந்திருப்பதால் வெயில் விழுவது அவர் முதுகு, பின்தோள், கெண்டைக்கால் மேல். முகம் நிழலில். அந்த முகத்தைக் கீழிருந்து மணல் லேசாக ஏற்றிக் கொடுக்கும். தாடை, மூக்கின் அடி, புருவத்தின் அடிப்பகுதிக்கு ஒரு வெளிர்பச்சையை அகலமான மென்மையான பிரஷ்ஷில் கொடுங்கள். பாறையும் பாசியும் அடர்ந்த இடமென்றால் இந்த வெளிச்சம் பாதியாகக் குறையும். எனக்கு இந்தக் கீழ்வெளிச்சம்தான் இந்த வேலையிலேயே பிடித்த பகுதி. கருந்தோலில் அது விழும் விதம் தரையில் எங்கும் கிடைக்காது.

கண்ணும் கண்ணாடியும்

கண்ணில் வெள்ளைப் புள்ளி வைத்தால்தான் உயிர் வரும் என்று பழகியிருக்கிறோம். கண்ணாடி போடாமல் நீருக்குள் விழித்திருப்பவருக்கு அந்தப் புள்ளி கிட்டத்தட்ட கிடையாது. கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376. நீருக்கு மிகப் பக்கம். காற்றில் தெரியும் மினுப்பில் நூறில் ஒரு பங்குதான் நீருக்குள் மிஞ்சும். கடற்கன்னி வரைபவர்கள் இதைக் கவனியுங்கள். புள்ளியை எடுத்துவிட்டு, கண்மணிக்கும் வெள்ளைவிழிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வைத்துப் பார்வையைக் காட்டுங்கள். பார்வைக்கு ஒரு வேற்றுலகத்தன்மை வந்துவிடும். அதுவே நிஜமும்கூட.

பாசி எடுப்பவர் கண்ணாடி போட்டிருக்கிறார். உள்ளே காற்று இருக்கிறது, அதனால் மினுப்பு திரும்பி வருகிறது. ஆனால் அவர் தரையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார், கண்ணில் பிரதிபலிப்பது மணலின் வெளிச்சம். அதனால் புள்ளியைக் கண்மணியின் மேல் பக்கத்தில் வைக்காமல் மணலை நோக்கிய பக்கத்தில், அகலமாக, மங்கலாக வையுங்கள்.

கண்ணாடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை வரைந்து காட்டினால் கடல் தெரிந்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். நீரிலிருந்து காற்றுக்குள் பார்க்கும் பார்வை 48.6 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் உள்ளே எதுவும் தெரியாது, முழுக்கப் பிரதிபலித்துவிடும். ஆகவே தட்டையான கண்ணாடியை நேரெதிரிலிருந்து பார்த்தால் கண் தெரியும். முக்கால் முகமாகத் திரும்பி அந்தக் கோணத்தைத் தாண்டினால் கண்ணாடி வெள்ளித் தகடாகிவிடும். கண் தெரிய வேண்டும் என்றால் முகத்தை 40 டிகிரிக்குள் வையுங்கள். தெரியாமல் போனாலும் பரவாயில்லை என்றால் வெள்ளித் தகட்டை வரையுங்கள், அதில் மணலும் விரல்களும் தெரியட்டும்.

மினுப்பு வேண்டும் என்று கை துடித்தால் அதற்கு நியாயமான இடங்கள் உண்டு. உலோகம் நீருக்குள்ளும் மின்னும். சின்னம்மாவின் மூக்குத்தி ஒன்று போதும், முகம் முழுக்க உயிர் வந்துவிடும். தங்கம் இந்த ஆழத்தில் பித்தளைப் பச்சையாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். முடியிலும் துணியிலும் ஒட்டிய காற்றுக்குமிழிகளும் வெள்ளிபோல மின்னும்.

வெளிச்ச வலை

மணல்மேலும் முதுகின்மேலும் ஆடும் அந்த வலையை ஓவியர்கள் காஸ்டிக்ஸ் என்பார்கள். இணையத்தில் கிடைக்கும் காஸ்டிக்ஸ் டெக்ஸ்ச்சரை எடுத்து ஓவர்லேயில் போட்டு முடிப்பது வழக்கம். நான் அதைக் கையாலேயே வரையச் சொல்வேன், ஏனென்றால் அந்த வலைக்கு விதிகள் இருக்கின்றன.

அலைகள் வெளிச்சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை, இருப்பதை ஓரிடத்தில் குவிக்கின்றன. ஒரு கோடு பிரகாசமானால் பக்கத்துக் கட்டம் அந்த அளவுக்கு இருள வேண்டும். ஆகவே கோடு போடுவதற்கு முன் வெயில் படும் பகுதி முழுவதையும் ஒரு படி இறக்குங்கள். பிறகு கோடுகளை ஏற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் கோடுகள் தோலின்மேல் ஒட்டிய ஸ்டிக்கராகத்தான் இருக்கும்.

கோட்டின் இரண்டு ஓரமும் ஒன்றுபோல இருக்காது. ஒரு பக்கம் கூர்மையாக வெட்டி நிற்கும், மறுபக்கம் மெதுவாகக் கரையும். இரண்டு கோடுகள் சேர்ந்து கூர்முனையாக முடியும் இடங்களும் வரும். முதலில் கடினமான பிரஷ்ஷில் கோடு இழுத்து, பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஸ்மட்ஜில் (நிறத்தைத் தேய்த்துக் கரைக்கும் பிரஷ்) இழுத்துவிடுங்கள். டெக்ஸ்ச்சருக்கும் கைவேலைக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும்.

கோட்டின் தடிமனுக்கும் கணக்கு உண்டு. சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம். அதனால் ஆழம் கூடக்கூடக் கோடு மங்கி அகலமாகும். அரை மீட்டர் ஆழத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கோடு சாத்தியம். 3 மீட்டரில் கட்டைவிரல் அகலத்துக்குக் கீழே மெலிய வழியில்லை. முகத்தின்மேல் மயிரிழை வலையைப் போட்டால் அந்த ஆள் தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கிறார் என்றே கண் எடுத்துக்கொள்ளும். நம் படத்தில் பாதத்தருகே கோடுகள் மெல்லியதாகவும் நெருக்கமாகவும், கையருகே அகலமாகவும் மங்கலாகவும் இருக்கட்டும்.

வலை விழுவது வெயில் எட்டும் தளத்தில் மட்டும். தாடைக்கு அடியில், அக்குளில், சேலை மடிப்பின் உட்பக்கத்தில் வேண்டாம். முதுகின் வளைவில் கோடும் வளைய வேண்டும். கிரிட்டாவில் டிரான்ஸ்ஃபார்ம் கருவியின் லிக்விஃபை இதற்குக் கைகொடுக்கும். மேகமூட்டமான நாள் என்றால் வலையே வேண்டாம்.

வெயில் எந்தப் பக்கமிருந்து? நீருக்குள் நுழையும்போது கதிர் செங்குத்தை நோக்கி முறியும். வெளியே சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் உள்ளே அது 50 டிகிரி உயரத்திலிருந்து வருவதுபோல இருக்கும். சூரியன் உதிக்கும் வேளையிலும் நீருக்குள் 41 டிகிரிக்குக் கீழே வெயில் சாயாது. பக்கவாட்டிலிருந்து அடிக்கும் அந்திவெயிலை நீருக்குள் வரையவே முடியாது. எத்தனை பேர் வரைகிறார்கள்!

மேலே என்ன தெரியும்

நீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்துக்கு வெளியே மேற்பரப்பு ஒரு கண்ணாடி, கீழே இருக்கும் மணலையும் பாறையையும் காட்டும். கேமரா நேராகப் பார்க்கிறது, செங்குத்துப் பார்வைக்கோணம் 60 டிகிரி என்றால் படத்தின் மேல்விளிம்பு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரிதான். வட்டம் தொடங்குவதே 41 டிகிரிக்கு மேல். ஆகவே அந்தப் படத்தில் பளீரென்ற வானம் வரக்கூடாது. மேலே நெளியும் மேற்பரப்பில் மணலின் பிம்பத்தை உடைத்து உடைத்துப் போடுங்கள். தாழ நின்று மேலே பார்க்கும் காட்சி என்றால் மட்டும் வட்டத்தைக் கொண்டுவரலாம்.

திரை, தூசி, கற்றை

மல்டிப்ளை முடிந்தபின் நீரின் நிறத்திலேயே ஒரு நார்மல் லேயரை ஆளுக்கும் கண்ணுக்கும் நடுவே மெல்லிய திரைபோல வையுங்கள். 2 மீட்டர் தூரத்துக்கு நான் 20 சதவீதம் வைப்பேன், பின்னாலிருக்கும் பாறைக்கு 60, அதற்கும் பின்னால் வெறும் நீர். இது கறுப்பை உயர்த்தும். கூந்தலும் கண்ணாடியின் ரப்பரும் சுத்தக் கறுப்பாக மிஞ்சக்கூடாது. படத்தில் எங்கேயாவது சுத்தக் கறுப்பு இருக்கிறதா என்று கலர் பிக்கரால் தொட்டுப் பாருங்கள். லேயர் வரிசை முக்கியம்: முதலில் மல்டிப்ளை, அதன்மேல் திரை. மாற்றி வைத்தால் திரையும் சேர்ந்து இருண்டு படம் சேறாகும்.

ஒளிக்கற்றை கலங்கிய நீரில்தான் நன்றாகத் தெரியும், தெளிந்த நாளில் விட்டுவிடலாம். போடுவதானால் எல்லாக் கற்றையும் சூரியன் இருக்கும் ஒரே இடத்தை நோக்கிக் குவிய வேண்டும், கீழே போகப்போக மங்க வேண்டும். தூசிப் புள்ளிகள் சின்னதும் பெரியதுமாக, அருகிலிருப்பவை மங்கலாக, பத்துப் பதினைந்து போதும். மூக்கிலிருந்து வரும் குமிழியில் மில்லிமீட்டர் அளவுள்ளவை உருண்டை, பெரியவை தட்டையான குடைபோல மேலே போகும்.

கடைசியாகப் படத்தைக் கறுப்புவெள்ளையாக்கிப் பாருங்கள். முதுகு, கெண்டைக்கால், பின்தோள் ஆகியவை வெளிச்சம், முகம் நடுத்தரம், பாறை இடுக்கு இருட்டு. இந்த மூன்று படியும் பிரிந்து தெரிந்தால் நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறகு போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். பல போன் திரைகள் நீலப்பச்சையைக் கூடுதலாகத் தூக்கிக் காட்டும். அங்கே தோல் பச்சையாகத் தெரிந்தால் தோலைத் தொடாதீர்கள். பின்னணியின் செறிவை மட்டும் ஐந்து பத்துப் புள்ளி குறைத்து, எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற பொதுவான நிற அமைப்பில் ஏற்றுமதி செய்யுங்கள்.